கையெழுத்தும் தலையெழுத்தும்!

அடியேன் பி.காம். பட்டதாரி. இதை ஏன் முதல் வரியிலேயே சொல்கிறேன் என்றால், கட்டுரையைப் படித்து முடித்ததும் ‘இவன் எந்தக் காலேஜ்ல படிச்சான்?’ என்று நீங்கள் கேட்கப் போகிறீர்கள். சொல்ல மாட்டேன். காலேஜ் மேல் தப்பில்லை.

கதை ஒரு தையல் மிஷினில் ஆரம்பிக்கிறது. என் மனைவி ஜாக்கெட் தைப்பாள். நன்றாகவே தைப்பாள். தெருவில் பாதிப் பேர் அவள் தைத்ததைத்தான் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிறார்கள். போன ஏப்ரலில் அவளுக்கு ஒரு யோகம் அடித்தது. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் 400 செட் யூனிஃபார்ம் ஆர்டர். ஜூன் மாதம் ஸ்கூல் திறப்பதற்குள் தைத்துக் கொடுக்க வேண்டும். அட்வான்ஸ் உண்டு. ஆனால் பள்ளித் தாளாளர் கறார் ஆசாமி.

“கையில காசு, ஜீபே எல்லாம் கிடையாதும்மா. கடைப் பேர்ல கரண்ட் அக்கவுண்ட் இருக்கணும். செக்தான் தருவோம். ஆடிட்டர் கேப்பாரு.”

“ஏங்க, என் பேர்லயே ஆரம்பிச்சிடலாமே?” என்றாள் மனைவி.

“உனக்கெதுக்கு அந்த அலைச்சல்? நான்தான் பி.காம். இருக்கேனே” என்றேன் நான். சனி நாக்கில் உட்கார்ந்து பேசும் என்பார்கள். அன்று சம்மணம் போட்டே உட்கார்ந்திருந்தது.

உத்யம் சான்றிதழ் என் பேரில் எடுத்தேன். ஆன்லைனில் இலவசம், பத்து நிமிஷ வேலை. ரப்பர் ஸ்டாம்ப் ஒன்று செய்தேன். ‘ப்ரொப்ரைட்டர்’ என்று போட்டிருந்தது. அதை நாலைந்து முறை பழைய பேப்பரில் குத்தி அழகு பார்த்துவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வங்கிக்குப் போனேன். (எந்த வங்கி என்று கேட்காதீர்கள். மறுபடியும் அதே வாசலில்தான் நான் போய் நிற்க வேண்டும்.)

கவுன்ட்டரில் ஓர் இளம்பெண். “உட்காருங்க சார்” என்று சிரித்தார். என் பான் நம்பரைக் கம்ப்யூட்டரில் தட்டினார். சிரிப்பு நின்றது. திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கும் டாக்டரின் முகம் ஞாபகம் வந்தது எனக்கு.

“ஒரு நிமிஷம் சார்...”

மேனேஜர் அறைக்கு அழைத்துப் போனார்கள். அவருக்கு என் வயசுதான் இருக்கும். டீ வரவழைத்தார். டீ வரவழைத்தாலே விபரீதம் என்று புரிந்திருக்க வேண்டும்.

“சார்... உங்க பேர்ல ஒரு லோன் ‘ரிட்டன் ஆஃப்’னு காட்டுது. ஸ்கோர் 561.”

“என் பேர்லயா? நான் லோனே வாங்கினது கிடையாது சார்! கிரெடிட் கார்டு கூட இல்லை!” என்று குரலை உயர்த்தினேன். என் வாழ்க்கையில் நான் பெருமையடித்துக்கொள்ள இருந்த ஒரே சமாச்சாரம் அதுதான்.

மேனேஜர் திரையை என் பக்கம் திருப்பினார். டூவீலர் கடன், 2018. தொகை 65,000. பாக்கி 31,460. பொறுப்பு என்ற இடத்தில் ‘கடன் வாங்கியவர்’ என்று இல்லை.

‘ஜாமீன்தாரர்’ என்று இருந்தது.

*

2018-ல் நான் திருவல்லிக்கேணி மேன்ஷன்வாசி. என் பக்கத்துக் கட்டிலில் படுத்த நண்பனுக்குத் திண்டிவனம் பக்கம் கிராமம். நாலு வருஷம் ஒரே அறை. ஒரே சோப்பு, ஒரே பேப்பர். மாசக் கடைசியில் ஒரே பொட்டலம் தயிர்சாதம். நாங்கள் அவ்வளவு ஒட்டு.

“மாப்ளே, பைக் எடுக்கறேன். ஜாமீனுக்கு ஒரு கையெழுத்து வேணுமாம். சும்மா ஃபார்மாலிட்டிடா” என்றான்.

ஃபைனான்ஸ் கம்பெனி ஏஜென்ட் டீக்கடைக்கே வந்தார். இருபத்தி சொச்சம் பக்கத்தைப் பெருக்கல் குறி போட்டுக் காட்டினார். பஜ்ஜி எண்ணெய்க் கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு, பெருக்கல் குறி இருந்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். ஒரு வரி படிக்கவில்லை. பேனா சரியாக எழுதவில்லை என்பதுதான் அன்று எனக்கிருந்த ஒரே ஆட்சேபணை.

இதிலே கேவலம் என்ன தெரியுமா? இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 128. ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமமானது. வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாத வரை, அவன் எவ்வளவு தர வேண்டுமோ அவ்வளவும் இவன் தர வேண்டும். பிசினஸ் லா பேப்பரில் பத்து மார்க் கேள்வி. நான் உதாரணத்தோடு எழுதி முழு மார்க் வாங்கினேன்!

அக்கவுண்டன்ஸியில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது ‘டெபிட் தி ரிசீவர், கிரெடிட் தி கிவர்’. வாங்கியவனுக்குப் பற்று, கொடுத்தவனுக்கு வரவு. என் கேஸில் பைக் வாங்கியவன் அவன். கையெழுத்துக் கொடுத்தவன் நான். பற்று எழுதியது என் பேரில்.

நண்பன் ஒழுங்காகத்தான் கட்டினான். மாதம் 2,455 ரூபாய். 16 தவணை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிப்போட ரிசர்வ் வங்கி அனுமதித்தது. அது முடிந்தபோது அவனுக்கு வேலை இல்லை. மேன்ஷன் காலி. நான் கல்யாணம் பண்ணிக்கொண்டு தாம்பரம் பக்கம் வந்துவிட்டேன். வண்டியைத் தூக்கிப் போய் ஏலம் விட்டதும், மிச்சத்தை வாராக்கடன் என்று எழுதி மூடியதும் எனக்குத் தெரியாது. கடிதம் போட்டிருப்பார்கள். மேன்ஷன் விலாசத்துக்கு. அங்கே என் கட்டிலில் இப்போது யாரோ!

“சார், சேவிங்ஸ் அக்கவுண்ட்னா நான் இதைப் பாக்கவே போறதில்லை. கரண்ட் அக்கவுண்ட்டுக்கு எங்க பேங்க்ல பார்க்கணும். மேலிடத்துல அப்ரூவல் கிடைக்காது” என்றார் மேனேஜர். 2020 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஓரிடத்தில் ஓவர் டிராஃப்ட் வாங்கிக்கொண்டு, வரும் பணத்தை இன்னோர் இடத்தில் கரண்ட் அக்கவுண்ட் திறந்து ஒதுக்கும் பெரிய கைகளுக்காக வந்த கட்டுப்பாடு அது. விதிகள் பிற்பாடு மாறியிருக்கின்றன. ஆனால் கரண்ட் அக்கவுண்ட் என்றாலே வங்கிக்காரர்கள் பூதக்கண்ணாடியை எடுப்பது மட்டும் மாறவில்லை. திமிங்கிலத்துக்கு விரித்த வலை, நெத்திலிக்கு மூச்சு முட்டியது.

*

பொதுவாக நம் ஆட்கள், “அவன் பேரு சிபில்ல வந்துடுச்சுடா” என்று போலீஸ் ஸ்டேஷனில் போட்டோ மாட்டிய மாதிரி சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது குற்றவாளிப் பட்டியல் இல்லை. கடன் வாங்கிய எல்லோருடைய ஜாதகமும் அங்கே இருக்கிறது. ஒழுங்காகக் கட்டியவனுக்கு நல்ல கட்டம், கட்டாதவனுக்கு அஷ்டமச் சனி. சிபில் 2000-ல் ஆரம்பித்த கம்பெனி. இப்போது டிரான்ஸ்யூனியன் சிபில். அது போக எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று இன்னும் மூன்று உண்டு. நாலு ஜோசியர்கள்! 2005-ல் இதற்கென்றே ஒரு சட்டமும் போட்டார்கள். மார்க் 300-லிருந்து 900 வரை. 750-க்கு மேல் என்றால் வங்கியில் சிரித்துப் பேசுவார்கள். 561 என்றால் டீ மட்டும்தான்.

ரிப்போர்ட்டை நாமே எடுத்துப் பார்க்கலாம். வருஷத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு கம்பெனியும் இலவசமாகத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டு 2017-லிருந்து அமலில் இருக்கிறது. நாமே பார்ப்பதால் மார்க் குறையாது. ஐந்து நிமிஷம் ஆகாது. இதை நான் 2021-லேயே பார்த்திருந்தால்... சரி, பார்க்கவில்லை. வருஷா வருஷம் பேப்பரில் ராசிபலன் பார்த்தேன். அதில் இது வரவில்லை.

நியூஜெர்ஸியில் இருக்கும் அத்தை பையனிடம் போனில் புலம்பினேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

“மச்சான், உனக்கு பிசினஸ் அக்கவுண்ட்டுக்குத்தானே? எனக்கு இங்க சம்பளம் போடற சாதா அக்கவுண்ட்டுக்கே இந்தக் கதி ஆச்சு!”

அங்கே அதற்குப் பெயர் செக்கிங் அக்கவுண்ட். அதைத் திறப்பதற்குமுன் பெரும்பாலான வங்கிகள் ஓர் ஏஜென்ஸியிடம் விசாரிக்கும். ஏஜென்ஸியின் பெயர் செக்ஸ்சிஸ்டம்ஸ். (பதறாதீர்கள். செக் புத்தக சமாச்சாரம்தான்! அத்தையிடம் இவன் பெயரைச் சொல்லி விளக்கப் போய், அத்தை போனையே வைத்துவிட்டாளாம்.) இது கடன் ஜாதகம் இல்லை, கணக்கு ஜாதகம். எந்த வங்கியில் கணக்கை மைனஸில் விட்டுவிட்டு ஓடினான், யார் கணக்கை வங்கியே மூடியது என்று குறித்து வைத்துக்கொள்வார்கள். ஐந்து வருஷம் வரை இருக்கும். இவன் ஊர் மாறும்போது பழைய கணக்கில் ஏழு டாலரை விட்டுவிட்டு வந்திருக்கிறான். மாதக் கட்டணம் பன்னிரண்டு டாலர். ஏழிலிருந்து பன்னிரண்டைக் கழித்தால் என்ன? கழித்தார்கள். மாசா மாசம் கழித்தார்கள். கடைசியில் கணக்கை மூடி, பேரை அனுப்பிவிட்டார்கள். புது வங்கி ‘முடியாது’ என்றுவிட்டது.

ஆனால் ஒன்று, அங்கே மறுத்தால் எந்த ஏஜென்ஸி சொல்லி மறுத்தோம் என்று எழுதித் தர வேண்டும். 1970-லேயே சட்டம். ரிப்போர்ட்டை இலவசமாக வாங்கிப் பார்க்கலாம். தப்பிருந்தால் ஆட்சேபிக்கலாம். இவன் பழைய பாக்கியைக் கட்டி, ‘பாக்கி இல்லை’ என்று எழுதி வாங்கினான். அதுவரைக்கும் ‘செகண்ட் சான்ஸ்’ என்று ஒரு வகைக் கணக்கு. கெட்டுப்போன பிள்ளைகளுக்குத் தனி பெஞ்சு மாதிரி. அதில்தான் ஒரு வருஷம் சம்பளம் வாங்கினான்.

இந்த ஒரு விஷயத்தில் நம் ஊர் மேல். மினிமம் பேலன்ஸ் இல்லை என்று அபராதம் போட்டு மட்டுமே சேவிங்ஸ் கணக்கை மைனஸில் இறக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2014-லேயே சொல்லி, 2015 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்துவிட்டது. பூஜ்யத்தோடு நிறுத்த வேண்டும். பூஜ்யத்தில் நிற்பது நமக்கென்ன புதுசா?

*

ராத்திரி அப்பாவுக்கு போன் செய்தேன். அப்பா மன்னார்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவர். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு வங்கிக் கணக்கு அப்பா கையெழுத்தில் ஆரம்பித்ததுதான்.

இந்தக் காலத்துப் பையன்களுக்கு இது தெரியாது. தொண்ணூறுகளில் கணக்கு ஆரம்பிக்க ஆதாரும் கிடையாது, பான் கார்டும் எல்லோரிடமும் கிடையாது. ‘இவரை எனக்குத் தெரியும்’ என்று ஏற்கெனவே அங்கே கணக்கு வைத்திருக்கும் ஒருவர் ஃபாரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அறிமுகம் செய்பவர் என்று ஒரு கட்டம் இருக்கும். கணக்கு நம்பர், கையெழுத்து, எத்தனை வருஷப் பழக்கம். அவ்வளவுதான் அன்றைய சிபில் ரிப்போர்ட். ஒரே ஒரு வரி. 2012-ல் ரிசர்வ் வங்கி, அறிமுகக் கையெழுத்து கேட்டு வற்புறுத்தக் கூடாது என்று தெளிவாகவே சொல்லிவிட்டது.

அறிமுகம் செய்பவருக்குப் பணப் பொறுப்பு கிடையாது. ஆனாலும் செக் ஏதாவது திரும்பி வந்தால், மேனேஜர் முதலில் ஆள் அனுப்புவது அப்பாவிடம்தான். அதனால் அப்பா ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஃபாரத்தை நீட்டியதும் போட மாட்டார். “நாளைக்கு சாயந்திரம் வீட்டுக்கு வர்றேன்” என்பார். அவர்கள் வீட்டுக்குப் போவார். திண்ணையில் உட்கார்ந்து காபி குடிப்பார். பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்பார். கிளம்பும்போது பேனாவை எடுத்தால் சம்மதம். “அப்ப வரேன்” என்று செருப்பை மாட்டினால் இல்லை.

ஒரு தடவை அம்மாவின் சொந்தத் தம்பி வந்தார். 1995. எனக்கு ஆறு வயசு. தமிழ்நாடு பூராவும் தெருவுக்குத் தெரு ஃபைனான்ஸ் கம்பெனி முளைத்த காலம். டெபாசிட்டுக்கு 24 சதவிகிதம் வட்டி என்று போர்டு போடுவார்கள். மாமாவும் கூட்டாளிகளோடு ஒரு கம்பெனி ஆரம்பிக்கப் போகிறார். கரண்ட் அக்கவுண்ட் வேண்டும். அறிமுகக் கையெழுத்து வேண்டும். அம்மா அடை தட்டினாள். அப்பா அடையைச் சாப்பிட்டார், அவியலைச் சாப்பிட்டார், கையைக் கழுவிக்கொண்டு வந்து சொன்னார்.

“மாப்ளே, நீ 24 வட்டி தர்றதுக்கு, எவன்கிட்டயாவது 30 வாங்கணுமே. யார்கிட்ட வாங்குவே?”

மாமா பதில் சொல்லவில்லை. எழுந்து போய்விட்டார். அம்மா மூன்று நாள் அப்பாவோடு பேசவில்லை. மாமா இரண்டு வருஷம் வீட்டுப்படி ஏறவில்லை. கடைத்தெருவில் ஒரு மளிகைக்காரர் மாமாவுக்குக் கையெழுத்துப் போட்டார். 1997-ல் கம்பெனி இழுத்து மூடியது. அந்த மாதிரி எத்தனையோ கம்பெனிகள் மூடி, டெபாசிட்தாரர் பாதுகாப்புக்கென்று தமிழக அரசு தனிச் சட்டமே போட்ட வருஷம் அது. மாமா தலைமறைவு. ஜனங்கள் போய் நின்றது மளிகைக் கடை வாசலில். அவர் ஒரு பைசா தர வேண்டியதில்லை, சட்டப்படி. ஆனால் தினம் காலையில் ஷட்டரைத் தூக்கினால் எதிரே பத்துப் பேர் நிற்பார்கள். அந்தக் காட்சி எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கல்கோனா வாங்கப் போய், கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி வந்தேன்.

இந்த அப்பாவிடம்தான் நான் இப்போது சொல்ல வேண்டும். சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. திட்டுவார் என்று ரிசீவரைக் காதிலிருந்து... மன்னிக்கவும், செல்லைக் காதிலிருந்து தள்ளியே பிடித்திருந்தேன்.

“அவங்க வீட்டுக்குப் போயிருக்கியா?” என்றார்.

“யார் வீட்டுக்கு?”

“அந்தப் பையன் வீட்டுக்கு.”

“இல்லைப்பா.”

“நாலு வருஷம் ஒரே ரூம்ல இருந்திருக்கே.”

அவ்வளவுதான். அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டார்.

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்தில் இறங்கி, டவுன் பஸ் பிடித்துப் போனேன். போகும்போது வழியெல்லாம் வசனம் தயார் செய்துகொண்டே போனேன். ‘நம்பிக்கைத் துரோகி’ என்று ஆரம்பித்து, பிரிவு 128-ஐத் தொட்டு, பிரிவு 145-ல் முடிகிற வசனம். (145 என்ன என்றால், ஜாமீன்தாரன் நியாயமாகக் கட்டியதைக் கடன்காரன் அவனுக்கு ஈடுகட்ட வேண்டும் என்பது. அதற்கும் முழு மார்க் வாங்கியிருக்கிறேன்.)

ஓட்டு வீடு. வாசலில் ஓர் அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பேரைச் சொன்னேன்.

“அட, நீங்களா தம்பி! மெட்ராஸ் ரூம்ல கூட இருந்தவங்கதானே? அவன் உங்க பேச்சாத்தான் பேசுவான். தயிர்சாதத்துல எனக்கு ஊறுகாய் வெச்சுட்டுத்தான் அவன் சாப்பிடுவான்னு...”

உள்ளே அழைத்துப் போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். எதிரே சுவரில் மாலை போட்ட போட்டோ. அவன் அப்பா. கீழே தேதி. 2021 மே. கொரோனா இரண்டாவது அலை.

“பதினோரு நாள் ஆஸ்பத்திரி தம்பி. இருந்த அரைக்காணியையும் வித்தோம். ஆளும் போயிட்டாரு” என்றார் அந்த அம்மா. சொல்லிவிட்டு முறுக்கு டப்பாவைத் திறந்தார்.

வசனம் மறந்து போனது. அவருக்குக் கடன் விஷயம் தெரியாது என்று முகத்திலேயே தெரிந்தது. “பைக்கை வித்துட்டேன்னு சொன்னான். பஸ்ஸுலதான் வரான் போறான்” என்றார். நான் முறுக்கைக் கடித்தேன். அந்தச் சத்தம் அந்த வீட்டில் ரொம்பப் பெரிசாகக் கேட்டது.

அவன் ஓசூர் பக்கம் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட்டில் இருக்கிறானாம். அந்த அம்மாவே போன் போட்டு என் கையில் கொடுத்தார். நான் கொல்லைப்பக்கம் போனேன்.

“அம்மா?”

“நான்தான்டா.”

ரொம்ப நேரம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, “மாப்ளே, உன் நம்பரை நான் அழிக்கலைடா. தினம் பாப்பேன். கூப்பிடத்தான் தைரியம் வரல” என்றான். “அம்மாகிட்ட சொல்லிட்டியா?”

“இல்லை. முறுக்கு நல்லாருக்கு” என்றேன்.

*

ஃபைனான்ஸ் கம்பெனியின் வசூல் ஆபீஸில் நல்ல மரியாதை. மோப்பம் பிடித்துவிட்டார்கள், பணம் வருகிறது என்று.

“சார், 31,460 எதுக்குக் கட்டறீங்க? 18,000 கொடுங்க. செட்டில்மென்ட் லெட்டர் தந்துடறோம்.”

13,460 ரூபாய் லாபம்! அங்கேதான் வங்கி மேனேஜர் டீயோடு சேர்த்துச் சொன்ன ஒரு வார்த்தை காப்பாற்றியது. குறைத்துக் கட்டினால் ரிப்போர்ட்டில் ‘செட்டில்டு’ என்று விழும். கேட்க அழகாக இருக்கும். ஆனால், ‘இந்த ஆசாமி முழுசாகக் கட்டவில்லை’ என்பதுதான் அதற்கு வங்கிபாஷையில் அர்த்தம். அது வருஷக்கணக்கில் கூடவே வரும். முழுசாகக் கட்டி ‘க்ளோஸ்டு’ என்று மாற்றி, பாக்கி இல்லை சான்றிதழ் வாங்கினால்தான் மெல்ல விமோசனம். பழைய தாமதங்களின் வடு அப்போதும் ரிப்போர்ட்டில் இருக்கத்தான் செய்யும்.

பணத்துக்கு எங்கே போவது? பெண்ணின் ஸ்கூல் ஃபீஸுக்காகப் போஸ்டாபீஸில் போட்டு வந்த ஆர்.டி. ஒன்று இருந்தது. மனைவியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலேயே சொன்னாள்.

“கட்டுங்க. கையெழுத்து உங்களோடதுதானே.”

கட்டினேன். சான்றிதழ் வந்தது. ரிப்போர்ட் மட்டும் அசையவில்லை. 2025 ஜனவரியிலிருந்து பதினைந்து நாளைக்கு ஒரு முறை தகவலை அனுப்பிப் புதுப்பிக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. ஒரு பதினைந்து போய், இன்னொரு பதினைந்தும் போனது. புகார் கொடுத்தேன். முப்பது நாளைக்குள் தீர்க்காவிட்டால் அதற்குமேல் நாள் ஒன்றுக்கு நூறு ரூபாய் நமக்கு நஷ்ட ஈடு என்று ரிசர்வ் வங்கி 2023-ல் உத்தரவு போட்டு, 2024-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஃபைனான்ஸ் கம்பெனி ஒன்பது நாள் அதிகமாகத் தூங்கியது. என் கணக்கில் 900 ரூபாய் விழுந்தது.

ஸ்கோரில் 900 வாங்க வக்கில்லாதவன், ரூபாயிலாவது வாங்கினேன்.

அதற்குள் யூனிஃபார்ம் என்ன ஆச்சு என்றுதானே கேட்கிறீர்கள்? வங்கியிலிருந்து திரும்பிய மறுநாளே மனைவி தன் பேரில் உத்யம் சான்றிதழ் எடுத்தாள். அதே வங்கி, அதே மேனேஜர். அவள் பான் நம்பரைத் தட்டினால் ஸ்கோர் ‘மைனஸ் 1’ என்று வந்தது. எனக்குப் பகீர் என்றது. 561-ஐ விடக் கீழேயா?

“இல்லை சார், இவங்க கடனே வாங்கினதில்லைன்னு அர்த்தம். சரித்திரமே கிடையாது. அது குத்தமில்லை” என்றார் மேனேஜர். (முதல்முறை கடன் கேட்பவரை, சரித்திரம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளக் கூடாது என்று மத்திய நிதி அமைச்சகமும் 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டில் சொல்லியிருக்கிறது.) மூன்றாம் நாள் கரண்ட் அக்கவுண்ட் ரெடி. செக் வந்தது. 400 செட்டும் போய்ச் சேர்ந்தது. அந்த ரப்பர் ஸ்டாம்பை என் பெண் வீட்டுச் சுவரிலெல்லாம் குத்தி விளையாடுகிறாள். இப்போதைக்கு நான் அந்தக் கம்பெனியில் பட்டன் தைக்கும் பிரிவில் இருக்கிறேன்.

வேலை தேடும் தம்பிகளுக்கு ஒரு சேதி. ஒரு பொதுத்துறை வங்கியில் அதிகாரி வேலைக்குத் தேர்வானவர் ஒருவர். பழைய கடன் பாக்கிகள் ரிப்போர்ட்டில் இருந்ததால் நியமனத்தை ரத்து செய்துவிட்டார்கள். அவர் கோர்ட்டுக்குப் போனார். சென்னை உயர்நீதிமன்றம் 2025 ஜூனில் வங்கி செய்தது சரி என்று சொல்லிவிட்டது. உங்கள் ஆபீஸ் கேன்டீனில் ‘லைஃப் டைம் ஃப்ரீ’ என்று கிரெடிட் கார்டு விற்க டை கட்டிய பையன் வந்து நிற்பான். அவனிடம் டீ வாங்கிக் குடித்தீர்கள் என்றால் ஃபாரத்தையும் ஒரு தரம் படியுங்கள்.

நண்பனிடம் நான் பணம் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய் வந்த பிறகு கேட்க வாய் வரவில்லை. அவனாகவேதான் போன் செய்தான்.

“மொத்தமா முடியாது மாப்ளே. பழைய தவணைக் கணக்குலயே கட்டறேன். 2,455.”

“ரவுண்டா ரெண்டாயிரம் அனுப்புடா.”

“இல்லை. அதே 2,455தான்.”

கணக்குப் போட்டால் பதின்மூன்று மாசம் வருகிறது. இதுவரை ஐந்து வந்திருக்கிறது. ஒவ்வொரு மாதமும் 5-ம் தேதி காலை, சரியாகப் பல் தேய்க்கும் நேரத்துக்கு செல் ‘டிங்’ என்கிறது. குறிப்பு எழுதும் இடத்தில் ‘பைக் டியூ’ என்று போட்டிருக்கிறான். போன மாதம் மட்டும் கூட ஒரு வரி.

‘அம்மா கேட்டாங்க, முறுக்கு குடுத்து விடவான்னு.’